கந்தப்போடியும் குழுவினரும்

மட்டக்களப்பு டவுனில் மேர்சி டீச்சரைத் தெரியாதவர்கள்கூட அவருடைய வாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிந்தி வருகிற பஸ்காரனில் தொடங்கி, மெதடிஸ்த கோயிலில் ராகம் தப்பிப் பாடுகிற மூப்பர் வரைக்கும் ஒருவருக்கும் அந்த வாயிடமிருந்து விலக்குக் கிடையாது. வயது நாற்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டவில்லை. "கட்டியிருந்தா அந்த மனிசன் பாவம்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் தமிழும் சங்கீதமும் படிப்பித்தார். மிச்ச நேரமெல்லாம் கதை எழுதினார். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய கதை வந்துவிட்டால் போதும், அந்தக் கிழமை முழுக்க டீச்சரின் நடையே வேறு.

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் ஆளைப் பிடிக்க ஏலாது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூட விடுதியில் அவரோடு ஒரே அறையில் கிடந்த அன்னப்பூரணி, பழுகாமத்தில் கந்தப்போடியைக் கட்டியிருந்தாள். ஊருக்கு அங்கால், குளக்கட்டுக்குக் கீழே, அவர்களுடைய வயல்வட்டை. வட்டையின் மேட்டில் கிடுகு வேய்ந்த ஒரு வாடி. அறுவடை முடியும்வரை கந்தப்போடி குடும்பம் அங்கேதான் சமைத்து, அங்கேதான் படுக்கும். மேர்சியும் மண்டலினையும் கமராவையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே குந்திவிடுவார். "காசுள்ளவன் நுவரெலியாவுக்குப் போறான். எங்கட மேர்சி, நுளம்புக்குத் தீன் போட வாடிக்குப் போறா" என்று மற்ற டீச்சர்மார் நக்கலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டுமே! அங்கே கச்சான் காற்றில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு எழுதியவைதான் அவருடைய நல்ல கதைகள் எல்லாம்.

எண்பத்தாறாம் ஆண்டு ஓகஸ்ட்டில் அவரைப் போகவேண்டாம் என்று பலபேர் தடுத்தார்கள். போன மாதம் ராணுவம் பிடித்துப்போன பெடியன்கள் எந்த முகாமில் என்று தெரியாமல் தாய்மார் தெருத்தெருவாக அலைந்த நேரம். கண்ணிவெடிப் பயத்தில் உழவு மெசின்காரன் ஒருத்தனும் வட்டைக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டான். அதனால் கந்தப்போடி பழையபடி மாடு விட்டுத்தான் நெல்லை மிதிக்கப்போகிறார் என்று அன்னப்பூரணி சொல்லியனுப்பியிருந்தாள். இதைக் கேட்ட பிறகு டீச்சரை யார் நிறுத்துவது? நெற்சூடு மிதிக்கிற சத்தத்தையும் பாட்டையும் அப்படியே பிடித்து, அதை வைத்து ஒரு வானொலி நாடகம் எழுதவேண்டும், அதற்கு மெட்டும் தானே போடவேண்டும், படங்களும் எடுக்கவேண்டும் என்று ஆள் துடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து வருஷமாக எழுதுகிறார். இதுவரை ஒரு பரிசு கிடையாது. இந்த முறை கிடைக்கும் என்று அடிமனதில் ஒரு நப்பாசை.

அந்த ஊர்களில் களவெட்டிக்கு என்று ஒரு பேச்சு உண்டு. நெற்கதிரைக் குவித்து மிதிக்கிற அந்த வட்டமான நிலத்தில் காலை வைத்துவிட்டால், வீட்டில் பேசுகிற சொல்லைப் பேசக்கூடாது. மாட்டை மாடு என்று சொன்னால், நெல்லை நெல் என்று சொன்னால், பூதம் கேட்டு விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். ஆகவே அங்கே மாடு வாரிக்காலன். நெல் அளக்கிற மரைக்கால் கணக்கன். நெல் அள்ளுகிற கடகம் பெருவாயன். செருப்புக்கால் உள்ளே படக்கூடாது. பெண்கள் வரவே கூடாது.

மற்றவர்கள் களவெட்டியை விட்டு வெளியே வந்ததும் பழைய பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். கந்தப்போடி அப்படியல்ல. மிதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நெல்லை அளந்து கட்டும்வரை எங்கேயும் அந்தச் சொற்கள் அவர் வாயில் வராது. ஒரு நாள் மத்தியானம் மாடொன்று கட்டறுத்துக்கொண்டு வந்து வாடியில் காய்ந்துகொண்டிருந்த அன்னப்பூரணியின் சீலையைச் சப்பத் தொடங்கியது. கந்தப்போடி சோற்றுக் கையோடு எழும்பி ஓடினார்.

"புள்ள, வாரிக்காலன்! வாரிக்காலன் உன்ட சீலையைத் தின்னுறான்!"

அன்னப்பூரணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியாகா மேர்சி? இந்த மனிசனைப் பாம்பு கடிச்சாலும் பொலி அளந்து முடியாம அந்தச் சொல்லு வாயில வராது. போன வருஷம் காய்ச்சலில அனத்தேக்குள்ளயும் வாரிக்காலன்தான்."

"சிரி, சிரி. பூதம் வந்து வாரிக்கொண்டு போனாப் பொறகு சட்டியைக் கவிட்டு வெச்சுப்போட்டுச் சிரி" என்று கந்தப்போடி மறுபடி சோற்றில் கை வைத்தார்.

மேர்சிக்கு அந்த மனிதரை நிரம்பப் பிடிக்கும். கறுத்து நெடுத்த ஆள், குரலெடுத்தால் குளத்துக்கு அந்தப்பக்கம் கேட்கும். பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் மேர்சி டேப் ரெக்கோடரை வேலைக்காரன் சீனித்தம்பியிடம் கொடுத்துக் களவெட்டி ஓரத்தில் வைக்கச் சொன்னார். மாடுகள் சுற்ற, கந்தப்போடி பாட, மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்ல, எல்லாம் பதிந்தது. பாட்டுக்கு நடுவே பேச்சும் பதிந்தது. மறுநாள் வேலையைப் பற்றிக் கந்தப்போடி சொல்கிறார்: "விடியச் சூடு போடத் தொடங்கோணும். வாரிக்காலன் எத்தினை பேர் வாறானுகள்? கணக்கனைக் கவனமா மறைச்சு வை. பெருவாயன் ரெண்டு பேர் போதாது, இன்னும் வேணும்." சூடு என்றால் அந்த ஊரில் குவித்து வைத்த நெற்கதிர். சூடு போடுவதென்றால் அதை மிதிப்பது. வாடியிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட மேர்சிக்கு அந்தப் பேச்சுத்தான் பாட்டைவிட இனித்தது. கசட்டின் மேலே தன்னுடைய வடிவான எழுத்தில், வானொலியில் சொல்லுகிற மாதிரியே எழுதினார்: 'கந்தப்போடியும் குழுவினரும்.'

பட்டரியும் பிலிமும் முடிந்தன. வாங்கிவரலாம் என்று சனிக்கிழமை காலை தோணியில் வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினார். வழியில் ஒரு ராணுவக் காவலரணில் எல்லோரையும் இறக்கினார்கள். மேர்சியின் பையைக் கொட்டிய ராணுவக்காரன் கசட்டை எடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒருவன் நின்றான். இந்தப் பக்கத்து ஆளில்லை, பேச்சிலேயே தெரிந்தது.

"இது என்ன?"

"பாட்டு. நானே பிடிச்சது."

"எங்க பிடிச்சது?"

வேறு யாராக இருந்தாலும் கடையில் வாங்கினேன் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். டீச்சருக்குப் பெருமை விட்டால்தானே! "பழுகாமத்துக்கு அங்கால வட்டையில. கந்தப்போடியார்ட வாடியில தங்கியிருந்து பிடிச்சன்" என்று நிமிர்ந்து நின்று சொன்னார். கேட்டுவிட்டுத் தருகிறோம் என்று கசட்டை வைத்துக்கொண்டார்கள். "பாட்டு வேணுமெண்டாக் கேட்டு வாங்கத் தெரியாதா? களவாணிகள்!" என்று பஸ்ஸுக்குள் ஏறியபிறகு டவுன் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார். வாடிக்குத் திரும்பிய பிறகு யாருக்கும் அதைச் சொல்லவில்லை. இன்னொரு கசட் பிடித்தால் சரி, சும்மா ஏன் அந்தச் சனங்களைப் பயப்படுத்துவான் என்று நினைத்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் படம் எடுத்தார், மெட்டுக் கட்டினார், அன்னப்பூரணியோடு குளத்தில் முழுகினார்.

மூன்றாம் நாள் ராணுவம் வரம்பு வழியாக வந்தது. நெல் தூற்றி முடிந்து, பொலி பொன்னாய்க் குவிந்து கிடந்தது. இனி அளக்கவேண்டியதுதான் பாக்கி. பச்சைச் சட்டைகளைக் கண்டதும் வேலையாட்கள் பற்றைக்குள் பாய்ந்தார்கள். கந்தப்போடி ஓடவில்லை. அளக்காத பொலியை விட்டுவிட்டு எந்த வயற்காரப் போடியார் ஓடுவான்? குவியலுக்குப் பக்கத்தில் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். காவலரணில் கண்ட அந்தத் தமிழ் பேசுகிறவனும் அவர்களோடு வந்திருந்தான். அவனைக் கண்டதும் வாடி வாசலில் நின்ற மேர்சி களவெட்டிப் பக்கம் இறங்கி நடந்தார்.

"நீதானா கந்தப்போடி? உன்ட குழுவில எத்தினை பேர்?"

"குழுவா? கூலியாக்கள் ஆறு பேர் ஐயா."

"கணக்கன் ஆர்?"

கந்தப்போடி தரையில் கிடந்த மரைக்காலைக் காட்டினார். "இவன்தான் ஐயா கணக்கன்."

முதல் அடி அப்போதுதான் விழுந்தது. ஆளைக் காட்டச் சொன்னால் பெட்டியைக் காட்டுகிறான் என்று தமிழ்க்காரன் அதிகாரியிடம் சொன்னான். "வாரிக்காலன் எங்க? விடிய எங்களுக்குச் சூடு வைக்க வாறானெண்டு சொன்னியே, அவன் எங்க?"

கந்தப்போடி வாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் கட்டிக்கிடந்த மாடுகளைக் காட்டினார். "அந்தா, வாரிக்காலன்."

"அது என்ன? சொல்லு. அதுக்குப் பேர் என்ன?"

ஒரு சொல். இரண்டு எழுத்து. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைச் சொன்னால் பாதிச் சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். கந்தப்போடி குவியலைப் பார்த்தார். ஒரு போகத்துப் பாடு முழுக்க அங்கே கிடந்தது.

"வாரிக்காலன்தான் ஐயா" என்றார்.

துவக்குப் பிடியால் இடித்தார்கள். முழங்காலில் விழுந்தார். அன்னப்பூரணி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஆனால் களவெட்டி விளிம்போடு அவளுடைய கால் நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து அவள் தாண்டாத விளிம்பு. மேர்சி தாண்டினார். செருப்புக்காலோடு உள்ளே ஓடிப்போய், "மாடு! ஐயா, அது மாடு! கணக்கன் மரைக்கால்! இவங்கள் நெல்லு மிதிக்கேக்க அப்பிடித்தான் சொல்லுற! மாடு ஐயா, மாடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

விழுந்து கிடந்த கந்தப்போடி அதைக் கேட்டதும் பதறிக் கையைத் தூக்கினார். "டீச்சர், வேணாம்! இஞ்ச வெச்சு அதைச் சொல்லாதீங்க! உங்களைக் கும்பிட்டன், வாயைத் திறக்காதீங்க!"

தமிழ்க்காரன் அதிகாரியின் பக்கம் திரும்பினான். அவன் என்ன சொன்னான் என்பது சிங்களம் தெரியாத மேர்சிக்கும் விளங்கியது. இவள் சொல்லப் பார்க்கிறாள், அவன் சொல்லவேண்டாம் என்று தடுக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கந்தப்போடியின் கையைப் பின்னால் கட்டி, வரம்பு வழியே நடத்திக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவர் திரும்பிப் பார்த்தது பெண்சாதியை அல்ல, குவியலைத்தான். "பொலியைத் தொடாதீங்க. நான் வந்து அளக்கிறன்" என்று கத்தினார்.

ஊரில் மேர்சியை ஏசினார்கள். பொம்பிளை, அதுவும் செருப்புக்காலோடு, களவெட்டிக்குள் போய் அந்தச் சொல்லைச் சொன்னதால்தான் போடியாருக்கு இந்தக் கதி வந்தது என்றார்கள். வாய்க்கு வாய் பதில் சொல்லுகிற மேர்சி அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையான காரணம் தெரிந்தால் என்ன சொல்லுவார்கள் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்னப்பூரணி ஒரு சொல் ஏசவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. டவுனில் மேர்சியின் வீட்டிலேயே தங்கி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே நாள்தோறும் முகாம் வாசலுக்கு வந்து நின்றாள். "படிச்சவ, நீ கதைச்சா விடுவானுகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாசலில் இருந்தவர்கள் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். பிறகு வரவேண்டாம் என்றார்கள். கிழமை ஒன்று கழிந்து, ஒரு பின்னேரம், அந்தத் தமிழ் பேசுகிறவன் தனியாக வெளியே வருவதை மேர்சி கண்டார். வெயிலில் நின்ற தாய்மாரையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றார். அன்னப்பூரணியும் பின்னாலேயே வந்தாள். இனி மறைக்க வழியில்லை என்று மேர்சிக்குத் தெரிந்தது. சொன்னால் இந்தக் கையை அன்னப்பூரணி விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் அந்த மனிதர் வெளியே வர மாட்டார்.

"தம்பி, அந்தக் கசட் என்டது. பிடிச்சதும் நான், பேர் எழுதினதும் நான், இடத்தைச் சொன்னதும் நான். அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது. பிடிக்கிறதெண்டா என்னைப் பிடியுங்க. கணக்கன் எண்டது மரைக்கால். பெருவாயன் எண்டது கடகம். வாரிக்காலன் எண்டது மாடு. கடவுள் சத்தியமா, மாடு."

அன்னப்பூரணியின் கை நழுவியது. மேர்சி திரும்பிப் பார்க்கவில்லை.

தூரத்தில் இருந்து பார்த்தபோது முரடனாகத் தெரிந்தவன், கிட்டத்தில் மீசை சரியாக முளைக்காத இளந்தாரியாக இருந்தான்.

"தெரியும் டீச்சர்" என்றான் மெல்ல. "அவரும் அதைத்தான் சொன்னவர். ரெண்டாம் நாள் சொன்னவர். மாடு, மாடு, மாடு எண்டு கத்திக்கொண்டே இருந்தவர். அவங்கள் நம்பேல்ல." சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி இஞ்ச வராதீங்க. வந்து பிரயோசனமில்ல" என்று சொல்லி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

மேர்சிக்கு விளங்கிவிட்டது. அதை அன்னப்பூரணிக்குச் சொல்லத் திரும்பினார். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அன்னப்பூரணி ரோட்டோரப் புழுதியில் அப்படியே இருந்துவிட்டாள். அவள் கசட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மேர்சியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பொலி இன்னும் அளக்காமக் கிடக்கு" என்றாள். "அது கிடக்க, என்ட மனிசன் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாரு எண்டா, அவரை என்னகா செய்திருப்பானுகள்?"