வாய்க்குள் ஓர் உலோகம்

இந்த நாட்டு வைத்தியர்கள் நோய் வருத்தத்தைக் கேட்பதற்கு முன் வாய்ச்சுவையைக் கேட்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, புது மாத்திரை தொடங்கியதிலிருந்து என் மனைவி தவத்துக்குக் கறியில் உப்புத் தெரியவில்லை. இனி அந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்க, கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த இளம் பெண் டொக்டர், வாயில் 'மெட்டாலிக்' சுவை இருக்கிறதா என்று கேட்டார். பழைய லண்டன்காரன் என்ற பெருமையோடு நான் மொழிபெயர்த்தேன்.

"உலோகச் சுவை இருக்கோ எண்டு கேக்கிறா."

"எந்த உலோகம்?"

"எதெண்டாலும்தான்."

"அதெப்பிடி? செம்புக்கு ஒரு சுவை, பித்தளைக்கு வேறை. ஈயம் பூசாத சட்டியில புளி விட்டால் அது இன்னொண்டு."

கண்ணை மூடி, ஊர்ப் பாத்திரம் ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடைசியில், "ஒண்டுமில்லை" என்றாள். நானும் "நோ" என்றேன். அப்படியானால் மாத்திரையில் பிழையில்லை, தொடர்ந்து போடுங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். தவம் போடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

பயத்தை மறக்க பஸ்ஸில் அந்த 'மெட்டல்' என்ற சொல்லைப் போனில் தேடினேன். அதன் வேர் கிரேக்கத்தில் சுரங்கமாம். நம் உலோகம் என்ற சொல், வடமொழியில் முதலில் சிவந்த செம்பாம். பழந்தமிழர்தான் தாராளம். எல்லாவற்றையும் பொன் என்றார்கள், இரும்புகூடக் கரும்பொன். கலியாண வீடுகளில் எங்கள் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. தவத்திடம் சொன்னேன்.

"அப்ப என்ரை வாயில பொன்னே ஊறுது? எனக்கு உப்புத் தெரிஞ்சால் காணும்."

அப்டன் பார்க்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். அரிசி மூட்டையோடு நான் பின்னால் மூச்சு வாங்கினேன். வாசலில் அவள் வழக்கம்போல வீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, கீழே வைத்த பைகளைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். பைகளைப் போட்டுவிட்டுத் திறப்பைக் கையில் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இதுதான்! இந்தச் சுவைதான்!"

கிளினிக்குக்குப் போன் செய்தேன். மாத்திரையை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கு உப்புத் தெரிந்தது, நான் அதுவரை வாய்திறவாமல் சாப்பிட்ட உப்புக்கரிப்பும் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று நல்ல ஏச்சு வாங்கினேன்.

ஊரில் அவள் திறப்பே வைத்திருந்ததில்லை. கேற்றடியில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்பார்கள். இங்கே நான் ஷிப்டுக்குப் போய்விட, இத்தனை வருடமாகப் பூட்டிய வீட்டுக்கு அவள் தனியே வந்திருக்கிறாள். அதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். அவள் கடைக்குப் போனால், திரும்பும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவைத்து வாசலில் நிற்கிறேன். நேற்றும் நின்றேன். இரண்டு கையிலும் பைகளோடு தெருமுனையில் திரும்பியவள், என்னைக் கண்டு சிரித்தாள், பல்லிடுக்கில் திறப்போடு.