புருஷோத்தமன் லைவ் போட்ட கல்யாணம்

கருவடிக்குப்பத்தில் வந்து புருஷோத்தமன் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். பொட்டிக்காரர் வீடு என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பொட்டி என்பது அவருடைய கம்ப்யூட்டர். அந்தக் கனத்த கறுப்புப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு அவர் போவதைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. பின்னால் கேமரா பையும் ஒயர்ச் சுருளுமாக அவர் மனைவி அஞ்சலாட்சி உட்கார்ந்திருப்பார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி லைவாக அனுப்புவதுதான் இருவருக்கும் பிழைப்பு. தெருவுக்கு நாலு பேர் பிரான்சில் இருக்கிற ஊரில் இந்தப் பிழைப்புக்கு என்ன குறை!

பாகூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர் புருஷோத்தமன். ஒயரிங் வேலை செய்ய டவுனுக்கு வந்து, அதிலிருந்து வீடியோ கேமராவுக்குத் தாவி, அதிலிருந்து இதற்கு வந்து சேர்ந்தார். முன்பு ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அவருடைய பழைய கம்ப்யூட்டர் 'அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அன்றைக்கு அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மறுவாரமே புருஷோத்தமன் லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்துக்கு மாறிவிட்டார். "நா சொன்னாத்தான் இது அப்டேட் ஆவும், அதுவா ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும்போது மனிதருக்கு வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும். கேட்பவர் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவராக இருந்தாலும் விடமாட்டார், முழுசாகச் சொல்லித்தான் அனுப்புவார்.

இந்தப் பெருமைக்குத்தான் அந்த விஜயதசமி அன்று சோதனை வந்தது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஜூல் என்பவரின் இளைய மகள் மிரேய்க்குக் கல்யாணம். குருசுக்குப்பம் பக்கத்தில் ஒரு பழைய மாதா கோவிலில் சாயங்காலப் பூசையோடு திருமணம். மூத்த மகள் ஏஸ்தெல் பிரான்சில் நர்ஸ். சின்ன வயதிலேயே தாயை இழந்த வீடு அது. மிரேய்க்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது எல்லாம் ஏஸ்தெல்தான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போய்விடலாம் என்று டிக்கெட் எடுத்திருந்தாள். டாக்டர் கூடவே கூடாது என்று படுக்க வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் பெண் குழந்தை பிறந்தது.

அக்கா வர முடியாது என்று தெரிந்ததும் மிரேய் புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, அக்கா பாக்காம நா கோவிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன். சும்மா சொல்லல, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள்.

"ஏம்மா கவலப்படற? பொட்டி எதுக்கு இருக்குது?" என்றார் இவர்.

வாய் சொல்லிவிட்டது. வேலை லேசானதில்லை. அந்தக் கோவிலின் சுவர்கள் கோட்டைச் சுவர்கள். உள்ளே போனால் எந்தச் செல்போனும் செத்த பிணம். பின்பக்கத்து அலுவலகத்தில் நல்ல இன்டர்நெட் இருந்தது. அங்கிருந்து ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்துப் பொட்டியில் செருகுவது என்று ஏற்பாடு. பொட்டியின் சொந்த நெட்வொர்க் சாக்கெட் போன மழைக்கு இடி இறங்கிக் கருகிவிட்டதால், உள்ளே தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டிருந்தார். கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆயுதபூஜை. நம் பொட்டிக்காரர் ஆயுதபூஜையில் அரைகுறை வேலை செய்கிறவர் இல்லை. பெட்டியைப் பிரித்துத் தூசி ஊதி, உள்ளே இருக்கிற கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கேமரா, ஸ்குரூடிரைவர், கேபிள் வெட்டுகிற கட்டிங் பிளேயர் என்று சகலத்தையும் மணைப்பலகையில் வரிசையாக அடுக்கினார். "ஒண்ணையும் உட்டுடாத, எல்லாத்துக்கும் பொட்டு வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பொரியும் கடலையும் வாங்கக் கிளம்பிப் போனார். அஞ்சலாட்சியும் ஒன்றையும் விடவில்லை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, அதனால் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் கற்பூரம் காட்டி எடுத்து, வெளியே தெரிந்த பொட்டையெல்லாம் வேட்டி முனையால் துடைத்து, கார்டுகளை அவசர அவசரமாகத் திரும்பச் செருகி மூடினார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். ஆனால் இவருக்கு ஒரு ஆசை. "பூஜ முடிஞ்ச மொதோ ஸ்டார்ட்டு நல்ல காரியத்துலயே இருக்கட்டும் அஞ்சல. கோவில்ல போய்ப் போட்டுக்கலாம்" என்றார்.

கோவிலில் போய்ப் போட்டார். திரை வந்தது, கேமராவில் படம் வந்தது, மைக்கில் சத்தம் வந்தது. நெட் மட்டும் வரவில்லை.

கேபிளை மாற்றிப் பார்த்தார். அலுவலகத்துக்கு ஓடி அந்தப் பக்கத்து முனையைப் பிடுங்கிச் செருகினார். திரும்பி வந்து கட்டளை கொடுத்து, என்னென்ன இணைப்பு இருக்கிறது என்று பொட்டியையே கேட்டார். அது தன்னோடு தான் பேசிக்கொள்கிற ஒரே ஒரு உள் இணைப்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

"இன்னாங்க ஆச்சி?" என்றார் அஞ்சலாட்சி.

"ஒண்ணுமில்ல. டிரைவர் பூடிச்சி போல. பூஜைக்கு முன்னாடி அப்டேட் பண்ணன் இல்ல, அதுல தூக்கிட்டிருக்கும்."

கார்டைப் பேச வைக்கிற டிரைவர் என்கிற மென்பொருளைத்தான் சொன்னார். தான் சொன்னால்தான் அப்டேட் ஆகும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர், தான் சொல்லி நடந்த அப்டேட் மேலேயே பழியைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனார். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினார். பொட்டியை அணைத்து, அப்டேட்டுக்கு முந்தின பழைய லினக்ஸைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காக ஓடியது, நெட் மட்டும் வரவில்லை. வெளியே பந்தலில் பேண்ட் வாத்தியக்காரர்கள் ஊதிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூல் உள்ளே வந்தார். கோட்டு, டை, மார்பில் இரண்டு மெடல். "தம்பி, சா வா?" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்தார். "எல்லாம் சரிதான?"

"வந்துரும் முசியே. ஒரு நிமிசம்."

"கார் வந்துடுச்சி தம்பி. பொண்ணு கார்லயே உக்காந்துருக்குது. அக்கா வந்தாச்சான்னு கேக்குது. இன்னா சொல்லட்டும்?"

புருஷோத்தமன் கேபிளை இன்னொரு தடவை பிடுங்கிச் செருகினார். கடைக்கு ஓடி வேறு ஏதாவது வாங்கி வரலாம் என்றால் விஜயதசமிக்குக் கம்ப்யூட்டர் கடை எல்லாம் மாலை போட்டுப் பூட்டிக் கிடந்தது. அப்படியே தோட்டத்துப் பக்கம் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பத்து கல்யாணம் போனாலும் போகட்டும், தாயில்லாத பெண்ணிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் அவரை அறுத்தது.

பங்குச் சாமியார் பூசை உடுப்போடு எட்டிப் பார்த்தார். "அடுத்த பூசை இருக்குதுப்பா. கொஞ்ச நேரந்தான் நிப்பேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் புருஷோத்தமன் கேட்டார். எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை உண்டு. உள்ளே என்னென்ன கார்டு செருகியிருக்கிறது என்று அது ஒவ்வொன்றாகப் பேர் சொல்லும். திரைக்குப் படம் தருகிற கார்டைச் சொன்னது. கேமராவை வாங்குகிற கார்டைச் சொன்னது. நெட்வொர்க் கார்டின் பேரே இல்லை. ஆள் வந்திருந்தும் பேசாமல் இருப்பது வேறு, ஆளே வராமல் இருப்பது வேறு. இவர் இவ்வளவு நேரமும் வராத ஆளைப் பேச வைக்கப் பாடுபட்டிருக்கிறார்.

"டிரைவர் இல்ல அஞ்சல! கார்டையே அதுக்குத் தெரியல. ஸ்குரூடிரைவர் எடு!"

பவர் ஒயரைப் பிடுங்கிப் பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தார். கார்டு அதன் இடத்தில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டியோடு தொடர்பு கொள்கிற தங்கப் பல் வரிசையில், முன்னும் பின்னும், காய்ந்துபோன சந்தனம். நடுவில் அளவாகக் குங்குமம்.

புருஷோத்தமன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கோபம் தலைக்கு ஏறி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இங்கயா வச்ச?"

"ஆமா. அதான முகம்? தங்கம் மாதிரி மினுங்குது, வேற எங்க வைக்கறதாம்? மத்த கார்டுக்கெல்லாம் மேல மூடி இருந்துது, அதுல வச்சேன். நீங்கதான எதையும் உட்டுடாதன்னீங்க. பின்னாடியும் மினுங்குச்சி, அங்கயும் வச்சேன்."

வேறு நாளாக இருந்தால் சண்டை ஊரைக் கூட்டியிருக்கும். அன்றைக்கு என்னவோ அந்தப் பொட்டின் அழகைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வட்டம் பிசகாமல் எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாள்! மூடுவதற்கு முன் புரட்டிப் பார்க்காதவர் யார்? அவர்தானே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலாட்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"முசியே, ஒரு ரப்பர் வேணும். பென்சில் அழிப்பாங்களே, அந்த ரப்பர். சீக்கிரம்!"

"ரப்பரா?"

"ரப்பர்தான். ஓடுங்க!"

பட்டாளத்தில் ஓடிப் பழகினவர் என்பது அப்போது தெரிந்தது. கோட்டு பறக்க, மெடல் குலுங்க, பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் நடக்கிற அறைக்கு ஓடி, மேசை டிராயரையெல்லாம் கவிழ்த்து, பாதி தேய்ந்த ஒரு ரோஸ் கலர் ரப்பரோடு மூச்சிரைக்க வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பெரிய மனிதர் கோவில் என்றும் பார்க்காமல் கடகடவென்று சிரித்தார். "எங்க மாதாவுக்கு சந்தனம் புடிக்கும் தம்பி. இந்தக் கார்டுக்குத்தான் புடிக்கல போல."

புருஷோத்தமன் சந்தனத்தைச் சுரண்டாமல் துணியால் துடைத்தெடுத்து, ரப்பரால் பல் வரிசையை முன்னும் பின்னும் தேய்த்தார். தூளை ஊதினார். அஞ்சலாட்சி செல்போன் டார்ச்சைப் பிடிக்க, கார்டை அதன் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. கேபிளையும் பவர் ஒயரையும் செருகிப் பொட்டியைப் போட்டார். அது எழுந்திருக்கிற வரைக்கும் மூன்று பேரும் பெட்டியின் பின்பக்கம் குனிந்து நின்றார்கள். பேண்ட் வாத்தியம்கூட நின்றிருந்தது.

கார்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே மஞ்சள் விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

"வந்துட்டான்!" என்று கத்தினார் புருஷோத்தமன். பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அஞ்சலாட்சி புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார், சந்தோஷத்தில்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவர் ஏஸ்தெலைக் கூப்பிட்டார்.

திரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. கட்டிலில் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் குழந்தையோடு ஏஸ்தெல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பட்டுப்புடவை கட்டியவளைப் புருஷோத்தமன் அன்றுதான் பார்த்தார். கண்ணெல்லாம் மை கரைந்து கிடந்தது. இணைப்பு வராதோ என்று அழுதிருக்கிறாள்.

"அண்ணே, தெரியுது. எனக்கு எல்லாம் தெரியுது. தங்கச்சிய நடக்கச் சொல்லுங்க."

புருஷோத்தமன் வாசலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஜூல் தன் வயதை மறந்து இன்னொரு தரம் ஓடினார். காரின் கதவு திறந்தது. வாத்தியம் எழும்பியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மிரேய் வாசற்படியில் வந்து நின்று, பீடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேமராவைத் தேடிப் பார்த்தாள். பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கோவிலே எழுந்து நின்றது.

ஹெட்போனில் கேட்டதெல்லாம் புருஷோத்தமனுக்கு மட்டும்தான் கேட்டது. கைக்குழந்தையிடம் ஏஸ்தெல் பேசிக்கொண்டிருந்தாள். "பாருடி, உன் சித்தி பாரு. எவ்ளோ அழகா வர்றா பாரு. மெதுவா நடக்கச் சொன்னா கேக்கறாளா பாரு." இவர் கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தார். கண்ணில் நீர் திரண்டு படம் மங்கியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"அண்ணே."

"சொல்லும்மா."

"எங்கப்பா முகத்த கொஞ்சம் கிட்ட காட்டுங்க. அழுறாரான்னு பாக்கணும். அம்மா செத்தப்பகூட எங்க முன்னாடி அழல அவரு."

புருஷோத்தமன் கேமராவை மெல்லத் திருப்பினார். ஜூல் நெஞ்சை நிமிர்த்தி, பட்டாளத்து நடையாகத்தான் நடந்து வந்தார். இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

"அழுறாரும்மா" என்றார் புருஷோத்தமன்.

இந்த நேரத்தில் இணைப்பு போய்விடக் கூடாதே என்று அவர் கீழே விளக்கைப் பார்த்தார். அது துடித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏஸ்தெல் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"நல்லவேள அண்ணே. நா மட்டும்தான் அழுவுறேனோன்னு நெனச்சேன்."