டெஸ்டிங்கை எவன் கேட்கிறான்

மைக்செட்காரருக்கு இருந்த தொண்டைக்கு மைக்கே அநாவசியம். அவர் வீட்டில் தும்மினால் அடுத்த தெருவில் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். அந்த மனுஷர் மைக்செட் வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தார். எந்தக் கூட்டமானாலும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். கடைசிக் குழாய்க்கு அடியில் அவர் மனைவி போய் நிற்பாள். இவர் மேடையிலிருந்து "ஹலோ, டெஸ்டிங்" என்பார். சத்தம் தெளிவாக வந்தால் அவள் கையைத் தூக்குவாள். கல்யாணமான புதிதிலிருந்தே இதுதான் ஏற்பாடு.

வெறும் ஹலோவோடு விடுகிற வாயா அது?

"மகாராணி, நேத்து உன் சமையலைத் தின்ன பூனை வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. கேக்குதா?"

அவள் ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டே மறு கையைத் தூக்குவாள். வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"ஊரே கேக்குதுங்க."

"டெஸ்டிங்கை எவன் கேக்கிறான்? அது காத்தோட போறது."

அவர்கள் குடியிருந்தது நகரத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் நாய்கூடத் துணையோடு நடந்த பகுதி. பத்துப் பதினைந்து வருஷத்தில் காளான் முளைத்த மாதிரி அங்கே வீடுகள் முளைத்தன. பஸ் மட்டும் அதே பழைய பஸ்தான். அதில் ஏறியவன் மூச்சை உள்ளே இழுத்தால் பக்கத்திலிருப்பவன் வெளியே விட்டாக வேண்டும், அவ்வளவு நெரிசல். அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று முறை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வாடகைக் கார் கட்டுப்படியாகாது. இரண்டு பஸ் மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போனாள்.

அப்போதுதான் ரயில் பேச்சு வந்தது. பூமிக்கு அடியில் போகிற ரயிலா, சாலை மேலேயே ஓடுகிற சின்ன ரயிலா என்று நகரசபை மக்களைக் கேட்டது. அடியில் போவது வேகமாகப் போகும், ஒரு கடையையும் தொடாது, ஆனால் தோண்டி முடிக்க ஒரு தலைமுறையாகும். மேலே ஓடுவது மெதுவாகப் போகும், சீக்கிரம் வரும், ஆனால் கடைகளின் முன்பாதியை விழுங்கிவிடும்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. மளிகைக்கடைக்காரன். எந்த ரயில் என்று சங்கம் முடிவு செய்யும் கூட்டத்துக்கு மைக்செட் சொல்ல அவனே வந்தான்.

"மாமா, ரயில் அடியிலதான் போகணும். மேல விட்டா என் கடையில கல்லாவும் நானும்தான் மிஞ்சுவோம். சரக்கை அக்கா வீட்டுலதான் வைக்கணும்."

"வை. எலியை நாங்க பாத்துக்கிறோம்."

"அக்கா, உனக்கு பஸ் பரவாயில்லைதானே?"

"எனக்கென்னடா, சீட்டு கிடைக்குது, ஜன்னலோரம் காத்து வருது," என்றாள். மைக்செட்காரர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கூட்டத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து இறங்கினாள். "நீ போய்ப் படு," என்றார். "கடைசிக் குழாய்க்கு வேற யாரு இருக்கா?" என்று சொல்லி, அதற்கு அடியிலிருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன்வரிசையில் தம்பி.

"ஹலோ, டெஸ்டிங். மகாராணி, கேக்குதா?"

கை எழும்பவில்லை. சத்தத்தைக் கூட்டினார்.

"இப்பக் கேக்குதா? தூங்கிட்டியா?"

எழும்பவில்லை. வயர்தான் கோளாறு, அவள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை என்று நினைத்தார். எட்டாத குழாய்க்கு எதைச் சொன்னால் என்ன? வயரை ஆட்டிக்கொண்டிருக்கையில் வாய் அதன் பாட்டுக்கு ஓடியது.

"கேக்கலைல்ல? அப்பத் தைரியமாச் சொல்றேன். போன வாரம் பஸ்ல மயங்கி விழுந்தியே, தம்பிகிட்டச் சொல்லாதேன்னியே, சொல்லலை. ஜன்னலோரம் காத்து வருதாம். மூஞ்சியில தண்ணி தெளிச்சவன்கிட்டக் கேட்டாத் தெரியும் காத்து வந்த லட்சணம்."

 அவர் நிமிர்ந்தபோது முன்வரிசையில் தம்பியின் இடம் காலி. சாலையோரமாக வேட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். இவரும் பின்னாலேயே ஓடினார்.

"கேட்டுச்சுங்க," என்றாள் அவள். "எல்லாம் கேட்டுச்சு. கைதான் எழும்பலை."

தம்பி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மேடைக்குப் போய், எழுதி வைத்திருந்த பேச்சைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, "மேலயே ஓடட்டும். சீக்கிரம் வரட்டும்," என்று மட்டும் சொன்னான். சங்கத்தில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கைகள் உயர்ந்தன. முதல் கை அவனுடையது.

வேலை உடனே தொடங்கியது. அதுதான் வினை. சாலையைப் பாதி தோண்டியதில் பஸ் ஊரைச் சுற்றிப் போனது. முன்பு ஒரு மணி நேரம் நின்றவள் இப்போது இரண்டு மணி நேரம் நின்றாள். தம்பியின் கடை வாசலை இடித்த புழுதி அடங்குவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள். தண்டவாளம் அப்போது பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மைக்செட்காரர் டெஸ்டிங்கில் கதை பேசவில்லை. "ஒன்று, இரண்டு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணுவார். கடைசிக் குழாய்க்கு அவரே நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார்.

ரயில் திறப்பு விழாவுக்கும் அவர் மைக்செட்தான். கம்பமெல்லாம் கட்டி முடித்து மேடையில் நின்றார். கடைசிக் குழாய் அதே பெஞ்சுக்கு மேலே இருந்தது. பழக்க தோஷம், கண் அங்கே போய் நின்றுவிட்டது. மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஊரை எழுப்புகிற தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பாதிக் கடையிலிருந்து தம்பி இறங்கினான். நடந்து போய்க் கடைசிக் குழாய்க்கு அடியில் நின்று, கையைத் தூக்கினான்.

இவர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.