அணையாத மைக்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரில் எங்கள் கராஜில், லாரிக்காரர்கள் வழியில் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ ஒன்றைப் பிரித்து, சட்டம் அனுமதிக்காத அளவுக்குப் பவரைக் கூட்டினேன். அழுத்தினால் மட்டும் பேச்சு வெளியே போகும் மைக் பட்டனையும் நானே ஈயம் வைத்து ஒட்டினேன்.

அப்போது மனைவி வந்தாள். "எங்கம்மாவுக்கு ஆபரேஷன். ஊருக்கு டிக்கெட் புக் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"வேலையா இருக்கேன்ல, போ" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். பிறகு அழுதபடி உள்ளே போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ஒரு லாரி டிரைவர் கதவைத் தட்டினார். கூரை ஆன்டெனாவை வைத்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். ஈயம் வழிந்து பட்டன் ஒட்டிக்கொண்டதால் என் மைக் அணையவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சண்டை முழுவதும் ஹைவேயில் போன லாரிகளின் ரேடியோவில் கேட்டிருக்கிறது. பவரைக் கூட்டியதற்குப் போலீஸைக் கூப்பிடுவாரோ என்று பயந்தேன்.

"மொழி புரியவில்லை. அழுத பெண் நன்றாக இருக்கிறாரா என்று கேட்கத்தான் வந்தேன்" என்றார் ஆங்கிலத்தில்.

அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். நான் இன்னும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.