மகேந்திரராஜாவின் காதுகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பேத்தி வர்ஷாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டிய மகேந்திரராஜா, சிட்னியில் பெண்டில் ஹில் வீட்டின் பின்வளவில் கறிவேப்பிலைக்கு ஆட்டெருப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பள்ளிக்கூட அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் தனியே உட்கார்ந்திருந்தது. வேலையிலிருந்து ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்த மகள் விஷாலினிக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, நேற்று இரண்டு தரம் சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினனீங்கள்!"

தலையாட்டியிருப்பார். ஏழெட்டு வருடமாக அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மகள் சொன்னதற்கான சுவடு ஒன்றும் மனத்தில் இல்லை. விஷாலினி கைப்பையை மேசையில் போட்டாள். குசினிக்குள் போய் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அதைக் கண்டதும்தான் அவருக்குத் தமையனின் நினைவு வந்தது. லண்டனில் இருந்த அந்த மனுசன் கடைசிக் காலத்தில் மனைவியின் பெயரையே மறந்துபோனவர். குசினியில் தாயும் மகளும் என்ன கதைக்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை, கேட்காமலே விளங்கியது.

உண்மையில் அவரும் சில மாதங்களாக அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் திரிந்தார். காலையில் நடக்கப் போகும்போது சென்ட்ரலில் இருந்து பென்ரித் வரைக்கும் ரயில் நிலையங்களை ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்பார். ஒன்றும் தவறாது. பிறகு ஏன் வீட்டில் சொன்னது மட்டும் மண்டையில் நிற்பதில்லை என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

எழுபத்திரண்டு வயது. எண்பத்தெட்டில் சிட்னிக்கு வந்தவர். இருபத்தேழு வருடம் ஒரு போத்தல் தொழிற்சாலையில் வேலை. சூடான போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபட்டுக்கொண்டு பட்டியில் ஓடும் இடம்; பக்கத்தில் நிற்பவனோடு கதைக்கக் கையைத்தான் ஆட்ட வேண்டும். காதை அடைக்க அவர்கள் கொடுத்த ஸ்பொஞ்சை ஒரு காதில்தான் செருகுவார். மற்றக் காதில் சின்ன வானொலியின் கிரிக்கெட் வர்ணனை, அந்த இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும் அளவுக்கு முறுக்கி வைத்தபடி. மேற்பார்வையாளர் இரண்டு முறை எழுத்தில் எச்சரித்தார். இரண்டு கடிதத்தையும் மகேந்திரராஜா பத்திரமாக மடித்து வைத்தாரே தவிர, வானொலியை விடவில்லை.

விஷாலினி அடுத்த வாரமே வழி தேடிவிட்டாள். மறதியைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சி நடத்துகிறது, அறுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் இடைப்பட்டவர்களைத் தேடுகிறார்கள், தமிழிலும் சோதிப்பார்களாம். மகேந்திரராஜா கூட்டத்துக்குப் போகிறவர் போலச் சப்பாத்துக்கு மினுக்குப் பூசிக்கொண்டு வெஸ்ட்மீடுக்குப் போனார்.

அங்கே இருந்தவள் அக்ஷரா என்ற பெண். ஊர் கோயம்புத்தூர், கேட்டல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

"அங்கிள், நான் அஞ்சு வார்த்தை சொல்வேன். இப்ப திருப்பிச் சொல்ல வேண்டாம், மனசுல வெச்சுக்கோங்க. அப்புறமா கேட்பேன்." அவள் தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். "கடல். பட்டு. கிளி. கத்தி. தேன்."

அதன் பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். அவர் மளமளவென்று இரண்டு வரைக்கும் இறங்கினார். பத்து நிமிடம் கழித்து அந்த ஐந்து சொற்களையும் கேட்டாள். மகேந்திரராஜா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தடங்கலும் இல்லாமல் ஒப்புவித்தார்.

"உடல், தட்டு, புளி, பத்தி, மீன்."

பின்னால் இருந்த விஷாலினி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஐந்தில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் அக்ஷரா பேனாவைக் கீழே வைக்கவில்லை. தன் சொற்களை ஒரு பக்கமும் அவருடையதை மறுபக்கமும் எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு ஐந்து சொற்களைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் காட்டினாள். மறுபடி பத்து நிமிடம். இம்முறை ஐந்தும் சரி, அதுவும் எழுதிய ஒழுங்கிலேயே.

"அங்கிள், முதல் தடவையும் நீங்க எதையும் மறக்கலை," என்றாள் அக்ஷரா சத்தமாக, அவர் முகத்துக்கு நேரே பார்த்து. "காதுல விழுந்ததை அப்படியே ஞாபகம் வெச்சிருக்கீங்க. விழுந்ததுதான் தப்பு."

மகேந்திரராஜா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அப்ப எனக்கு மூளை பிசகேல்லை எண்டு சொல்லுறீங்களோ, பிள்ளை?"

"ஒரு டெஸ்ட்டை வெச்சு நான் சர்டிபிகேட் தர முடியாது. ஆனா முதல்ல காதைப் பார்த்துடலாம்."

கண்ணாடி அறைக்குள் இருத்திச் சோதித்ததில் இரண்டு காதும் நன்றாகவே பழுதுபட்டிருந்தன. சொல்லின் முதலெழுத்துத் தேய்ந்து, மிச்ச ஓசை மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்ஷரா விளக்கினாள்: காது மந்தமானவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மூளை கேட்பதற்கே மல்லுக்கட்டிக் களைத்துப்போவதாலா, ஆட்களோடு பழகுவது குறைந்துபோவதாலா என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. கேட்கும் கருவி போட்டால் அதைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு இப்போதே கருவி. மீதிப் பேருக்கு ஒரு வருடம் ஆரோக்கிய வகுப்பு, பிறகு கருவி. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும்.

"பலன் இருக்குமோ?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் அங்கிள் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

கணினி அவருக்குக் கருவியைக் கொடுத்தது. காதுக்குப் பின்னால் அவரை விதை அளவில் இரண்டு. கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது காலடியில் சருகு நொறுங்கியது. நின்றார். திரும்ப மிதித்துப் பார்த்தார். மகள் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, எழுபத்திரண்டு வயது மனுசன் சருகுக்கு மேல் அங்குமிங்குமாக நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி விக்னேஸ்வரி வழக்கம்போல, "இஞ்சருங்கோ, சாப்பிட வாங்கோ!" என்று கத்தினாள். அவர் இரு காதையும் பொத்திக்கொண்டார். பத்து வருடமாகத் தன் மனைவிக்குக் குரல் தடித்துவிட்டது என்று நினைத்திருந்தவருக்கு, அவள் தொண்டை கிழியக் கத்தியது தனக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. "மெல்லக் கதையும் அப்பா," என்றார். அவள் அகப்பையோடு திகைத்து நின்றாள். பிறகு மிகவும் மெல்ல, ஒரு பரீட்சை போல, "மீன் குழம்பு," என்றாள். "ஓம், மீன் குழம்பு," என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

ஆனால் வெளியாட்களுக்குச் சொல்ல வெட்கம். குளிர்காலம் கைகொடுத்தது. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சனிக்கிழமை மாலை துங்காபியில் கூட்டாளி தேவராஜாவின் கராஜுக்குப் போனார். நாலு பேர் ஆறு வருடமாக அங்கே முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறார்கள். காசு வைப்பதில்லை; தோற்ற சோடி தேத்தண்ணி ஊற்ற வேண்டும், கோப்பை கழுவ வேண்டும். தேவராஜாவும் அருமைநாதனும் ஒரு சோடி. மகேந்திரராஜாவும் எண்பத்தொரு வயதுப் புவனேஸ்வரனும் மற்றச் சோடி. புவனேஸ்வரனுக்கும் காது மந்தம். இருவரும் ஒருவருக்கொருவர் கத்திச் சமாளிப்பார்கள் என்று அப்படிச் சேர்த்திருந்தார்கள். ஆறு வருடத்தில் பெரும்பாலான சனிக்கிழமைகளில் தேத்தண்ணி ஊற்றியது இவர்கள்தான்.

மூன்றாவது ஆட்டத்தில், உதடு அசையாமல் தேவராஜா சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஆட்டின் ஜாக்கி என்னட்டை. அதிலை வாரும்."

ஆட்டின் என்றால் சிவப்பு இதயம் போட்ட சீட்டு; அதில் ஜாக்கிதான் பெரியது. அருமைநாதன் ஆட்டினை இறக்கினார்.

இவ்வளவு காலமும் இவர்கள் வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் வென்றிருக்கிறார்கள் என்று மகேந்திரராஜாவுக்கு விளங்கியது. ஆறு வருடம்! எத்தனை கேத்தில் தண்ணீர், எத்தனை கோப்பை! எழும்பி மேசையைக் கவிழ்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அடுத்த கணமே வேறு புத்தி வந்தது. முகத்தை மரமாக வைத்துக்கொண்டு, அந்த ஜாக்கிக்கு ஏற்றபடி தன் துரும்புச் சீட்டைப் பதுக்கினார். அன்றைக்கு அவர்கள் சோடி வென்றது. அதற்கடுத்த சனியும். அதற்கடுத்த சனியும். புவனேஸ்வரனுக்குக் காரணம் விளங்கவில்லை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று கோயிலுக்கு அர்ச்சனைக்குக் கொடுத்தார்.

அந்த மூன்றாவது சனி, தேவராஜா கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அருமைநாதனிடம் தாழ்ந்த குரலில் கதைத்தது இன்னொன்று.

"மகேயைப் பார்த்தனீரே? போன வருசம் ஒரு மூலையிலை வாய் திறவாமல் இருந்தவன். நான் மனுசனை முடிஞ்சுது எண்டு நினைச்சு எவ்வளவு கவலைப்பட்டன் தெரியுமே? இப்ப முகமே தெளிஞ்சிருக்கு."

"வெல்லட்டும் விடும்," என்றார் அருமைநாதன். "தேத்தண்ணி ஊற்றிறதாலை எங்களுக்கு ஒண்டும் குறையாது."

மகேந்திரராஜா காட்ஸைக் குலுக்கிக்கொண்டே குனிந்தார். கண் கலங்கிவிட்டது. கள்ள ஆட்டக்காரர்கள் மேல் மூன்று வாரமாக வளர்த்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

நாலாவது சனியே பிடிபட்டார். அருமைநாதன் வாய்க்குள் முணுமுணுத்தார்: "புவனேஸ் அண்ணை காட்ஸை மறுபக்கமாப் பிடிச்சுக்கொண்டு யோசிக்கிறார், பாரும்." திரும்பிப் பார்த்தால் உண்மையாகவே சீட்டுகளின் முகமெல்லாம் வெளியே தெரிந்தது. மகேந்திரராஜாவால் அடக்க முடியவில்லை. கராஜ் அதிரச் சிரித்தார். சிரித்தபின்தான் மற்ற இருவரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

தேவராஜா எழுந்து வந்து தொப்பியைத் தூக்கினார்.

"அடேய் கள்ளா!"

"ஆர் ஐசே கள்ளன்? ஆறு வருசமா ஆட்டின் ஜாக்கி ஆரட்டை இருக்கெண்டு சொல்லி விளையாடினது ஆர்?"

தேவராஜா தொப்பியை மேசையில் போட்டார். "காதைக் காட்டும் காட்டும் எண்டு அதே ஆறு வருசமாச் சொன்னனாங்கள். நீர் கேட்டால்தானே!"

அதற்குமேல் யாராலும் சண்டைபிடிக்க முடியவில்லை. என்ன நடக்கிறது என்று விளங்காமல் புவனேஸ்வரன் மட்டும், "ஆர் வெண்டது? ஆர் வெண்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாலு பேருமாகச் சேர்ந்து தேத்தண்ணி ஊற்றினார்கள்.

திங்கட்கிழமையே மகேந்திரராஜா அக்ஷராவுக்குப் போன் எடுத்தார். புவனேஸ்வரனுக்கு வயது கூடிவிட்டதால் ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்றாள் அவள். ஆனால் ஓய்வூதியக்காரருக்கு அரசாங்கத் திட்டத்தின் கீழ் கருவி எடுக்கலாம், அதற்கு எங்கே போக வேண்டும் என்று வழி சொன்னாள். புவனேஸ்வரன் முதலில் மசியவில்லை. "இந்த வயசிலை எனக்கு என்னத்துக்கடாப்பா? கேட்டதெல்லாம் காணும்." மகேந்திரராஜா வாதாடவில்லை. அவருடைய வாசலில் காரை நிறுத்தி, ஏறச் சொன்னார்.

பரமட்டாவில் கருவியைப் பொருத்தி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. காரில் ஏறியதும் புவனேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய மகள் ஹரிப்பிரியா ஞாயிறுதோறும் போன் எடுப்பாள். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மருமகளிடம் கொடுத்துவிடுவதே அவர் வழக்கம்.

"இப்ப அங்கை என்ன நேரம், மகே?"

"இரவு பத்துப் பத்தரை இருக்கும். எடுங்கோ அண்ணை."

எடுத்தார். மறுமுனையில் மகள் பதறிப்போய், "அப்பா? என்னப்பா, என்ன நடந்தது?" என்று கேட்டாள். அந்தக் குரல் மகேந்திரராஜாவுக்கும் கேட்டது.

"ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளை. நீ கதை. நான் கேக்கிறன்," என்றார் புவனேஸ்வரன்.

மகேந்திரராஜா காரை விட்டு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஹரிஸ் பார்க் வரைக்கும் நடந்துபோய் ஒரு பெட்டி ஜிலேபி வாங்கினார். திரும்பி வந்தபோதும் புவனேஸ்வரன் கதைத்துக்கொண்டிருந்தார். தரிப்பிட நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மகேந்திரராஜா பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, முதல் ஜிலேபியைக் கடித்தார். மொறுமொறுவென்று கேட்டது.