ஜமால் பாயின் புதன்கிழமை மேசை

ஜமால் முகைதீன் அவர்கள் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு மெக்சிகோக்கார அம்மா. கலிபோர்னியாவில், சான் ஹோசேயின் கிழக்குப் பக்கத்தில் சின்ன டாக்கோ கடை நடத்தும் லூப்பே அம்மா. ஸ்பானிஷ்காரர்கள் வாயில் ‘ஜ’ எப்போதும் ‘ஹ’ ஆகிவிடும். “ஹமால், மாலதி, ஹமால்...” என்று இரண்டு முறை சொன்னவர் அதற்கு மேல் முடியாமல் அழுதார். அவருடைய மகள் ஃபோனை வாங்கி, காலையில் வீட்டிலேயே மாரடைப்பு என்றும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள். பாயின் மனைவி பாத்திமா அக்கா முதல் ஃபோனை அந்தக் கடைக்குத்தான் செய்திருக்கிறார்.

நம் தமிழர் மின்னஞ்சல் குழுவுக்கு அந்தச் செய்தி அன்று மாலைதான் வந்தது. அனுப்பியவர் எங்களோடு வேலை பார்த்த ஸ்ரீதர். “நம் அனைவரின் அன்புக்கும் பாத்திரமான ஜமால் பாய்” என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இப்போது தமிழ்ச் சங்கத்தின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்கிறார்கள். “நீங்கதான் அவர்கூட ரொம்ப க்ளோஸ். கொஞ்சம் பாசிட்டிவா எழுதிக் கொடுங்க மாலதி” என்றார்கள். எழுதுகிறேன். பாசிட்டிவாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜமால் பாய் கீழக்கரைக்காரர். எங்கள் கம்பெனியில் சிப் டெஸ்டிங் பிரிவில் சீனியர். பாதி நரைத்த தாடி, எப்போதும் முழுக்கைச் சட்டை, மூன்று க்யூபிகிள் தாண்டிக் கேட்கும் சிரிப்பு. 2001 பிப்ரவரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பதினைந்து நாள் ரொட்டியும் தயிருமாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை மதியம் பாய் என் இடத்துக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, தினம் ரொட்டியவே தின்னுட்டு இருக்கீங்களே, காய்ச்சலா உங்களுக்கு? கிளம்புங்க. டீம்ல பன்னெண்டு பேர் போறோம்.”

கிங் ரோடு பக்கம் அழைத்துப் போனார். ஃப்ரீவேயை விட்டு இறங்கினால் வேறு ஊர் மாதிரி இருக்கும். டயர் கடை, சலவைக் கடை, பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது ஆனதும் கொண்டாடும் விழாவுக்கான குடை மாதிரி விரிந்த கவுன்கள் தொங்கும் கடை, மணியடித்தபடி ஐஸ் வண்டி தள்ளிப் போகும் தாத்தா. அந்தத் தெருக்களில் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று பாய்க்கு அத்துப்படி. டயர் கடை வாசலில் நிற்கும் வண்டியில், சோள ரொட்டிக்குள் மீனை மடித்துத் தரும் டாக்கோ. ரொட்டிக் கடையில் காலை ஏழு மணிக்குள் போனால் சூடாக இனிப்பு பன். இன்னொரு இடத்தில் சப்பாத்திக் கள்ளியை முள் நீக்கி வதக்கித் தருவார்கள். “நம்ம ஊர்ல ஆடு மேயாம இருக்க வேலிக்கு வெக்கிறதை இங்க தட்டுல வெக்கிறான் பாருங்க!” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலச் சிரிப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே லூப்பே அம்மாவின் கடை. ஏன் அந்தக் கடை என்பதுதான் முக்கியம். மெக்சிகோக்காரர்கள் பீன்ஸை வேகவைத்து மசித்துப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். அரிசியைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பார்கள். கோதுமை ரொட்டி மாவிலும் கொழுப்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நம் சைவக்காரர்கள் ‘பீன்ஸ்தானே, பருப்பு மாதிரிதானே’ என்று நம்பி உள்ளே தள்ளுவார்கள். பாய் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டு வாசலில் போய் நின்று, தன் உடைந்த ஸ்பானிஷில் ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டு முடிக்கும்வரை எங்களை உட்காரவே விடமாட்டார்.

“எனக்குப் பன்னி ஆகாது. ஹலால் இல்லாத கறியும் ஆகாது. உங்களுக்கு எந்தக் கறியுமே ஆகாது. எப்படியும் நான் கேக்கத்தான் போறேன், உங்களுக்கும் சேத்துக் கேட்டுட்டுப் போறேன்” என்பார்.

லூப்பே அம்மா இவருக்காகவே புதன்கிழமைகளில் ஒரு பானை பீன்ஸைத் தனியாக, வெறும் எண்ணெயில் தாளித்து வைப்பார். மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பன்னிரண்டு நாற்காலிகள் வைத்திருப்பார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் சுத்த சைவம். ஏழு பேரும் ஒரு முஸ்லிம் விசாரித்துச் சொன்னால்தான் வாயில் வைப்போம். அவ்வளவு நம்பிக்கை அவர்மேல்!

பிறகு, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த செப்டம்பர் வந்தது.

முதல் வாரம் யாரும் எங்கும் போகவில்லை. இரண்டாவது வாரம் ஸ்ரீதரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. லஞ்ச் இனி மாலில் இருக்கும் மெக்சிகன் ரெஸ்டாரண்டில், பன்னிரண்டேகால் மணிக்கு. பெறுநர் வரிசையில் ஸ்ரீதரையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். ஜமால் பாய் பெயர் இல்லை. தவறிப்போய்விட்டதோ என்று ஸ்ரீதரிடம் கேட்டேன்.

“தவறல மாலதி. எனக்கு க்ரீன் கார்டு ப்ராசஸ் ஓடுது. உனக்கு விசாவே இன்னும் புதுசு. அவர்கூட தாடியும் அதுவுமா பப்ளிக்ல போய் உக்காந்து, எவனாவது போலீஸைக் கூப்பிட்டான்னா? கொஞ்ச நாளைக்குத்தான். அவரே புரிஞ்சுக்குவாரு.”

நானும் போனேன். இதை மழுப்ப விரும்பவில்லை. வாரம் தவறாமல் பன்னிரண்டேகாலுக்கு அந்த மாலுக்குப் போனேன். பயமாக இருந்தது என்று சொல்லலாம். லே-ஆஃப் காலம், விசா காலம், எல்லோருக்கும்தான் பயம். அவருக்கு மட்டும் பயம் இல்லையா? எங்கள் பதினொரு பேரைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியிருந்தவர் அவர்தானே! அவருடன் இருக்க வேண்டிய நேரத்தில் பதினொரு பேர் ஒன்றாகச் சேர்ந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப்போட்டுப் படித்த கூட்டம் இது.

லூப்பே அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். நான்கு புதன்கிழமை பாய் தனியாக வந்தாராம். முதல் வாரம் பன்னிரண்டு நாற்காலிகளும் போட்டிருந்ததாம். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு “ட்ராஃபிக்” என்றாராம். அடுத்த வாரம் “மீட்டிங்” என்றாராம். நான்காவது வாரம் லூப்பே அம்மா எதுவும் கேட்காமல் தானே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாராம்.

நவம்பர் கடைசியில் பாய் என் க்யூபிகிளுக்கு வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நேராக முகம் பார்த்தோம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“மாலதிம்மா, நீங்கல்லாம் போற அந்த மால் கடை இருக்குல்ல, அங்க பீன்ஸ் சாப்பிடாதீங்க. பன்னிக் கொழுப்பு போடறாங்க. அரிசியிலயும் கோழித் தண்ணி. நேத்து நானே போய் சமையக்காரர்கிட்ட கேட்டுட்டேன். நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஸ்ரீதர் வேற மாலை போட்டிருக்காரு. பாவம், விரதத்துல இது தெரியாம சாப்பிட்டுட்டு இருக்காரு. நான் போய் சொன்னா அவருக்குச் சங்கடமா இருக்கும். நீங்க பக்குவமா சொல்லிடுங்கம்மா.”

ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வாராவாரம் பன்றிக் கொழுப்பு தின்றுகொண்டிருந்தவர், இவரை ஒதுக்கி வைத்தவர். அவருடைய விரதம் கெடக்கூடாது என்று கவலைப்பட்டு விசாரிக்கப் போனவர், ஒதுக்கப்பட்டவர். எனக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஸ்ரீதரிடம் சொன்னேன். முதலில் முகம் வெளுத்தது. பாத்ரூமுக்குப் போய் வாயைக் கழுவிக்கொண்டு வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“நாம எங்க சாப்பிடறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நம்மள ஃபாலோ பண்றானா?”

ஒரு நன்றி இல்லை. ‘அவர்’ எப்போது ‘அவன்’ ஆனார் என்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் லஞ்ச் வேறு ஒரு கடைக்கு மாறியது, அதே பெறுநர் வரிசையோடு. பதில் எழுதாமல், பாயின் ரமலான் நோன்பு முடிந்த புதன்கிழமை நான் கிங் ரோடுக்குப் போனேன்.

பாய் லூப்பே அம்மா கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றேன். “பாய், நான்...” என்று ஆரம்பித்தேன்.

“உக்காருங்கம்மா. ஆறிடும்” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு வருஷம் புதன்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு ஒவ்வொருவருக்காக க்ரீன் கார்டு வந்தது. க்ரீன் கார்டு வந்தவர்களுக்கு ஒவ்வொருவராக லூப்பே அம்மா கடை ஞாபகமும் வந்தது. ‘பாய், எப்படி இருக்கீங்க, பாத்து எவ்ளோ நாளாச்சு!’ என்று தோளில் தட்டி உட்கார்ந்தார்கள். கடைசியாக ஸ்ரீதரும் வந்தார். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, நாங்கள் செய்தது தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பாய் எழுந்து போய் அவர்களுக்காகவும் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தார்.

எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருநாள் காரில் வரும்போது கேட்டேவிட்டேன். “உங்களுக்குச் சூடு சொரணை எதுவும் கிடையாதா பாய்? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கலாம்ல?”

சிக்னல் மாறியதும் வண்டியை எடுத்தபடி சொன்னார்.

“கேட்டிருக்கலாம். கேட்டுட்டு யாரோட உக்காந்து சாப்பிடறது மாலதிம்மா? பள்ளிவாசல்ல எல்லாரும் நல்லவங்கதான், ஆனா உருது பேசுறாங்க, அரபி பேசுறாங்க. தமிழ்ல சிரிக்கிறதுக்கு எனக்கு இந்த ஊர்ல உங்களைவிட்டா யாரு இருக்கா?”

அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் எங்கள் இஷ்டத்துக்கு விட்டோம், எங்கள் இஷ்டத்துக்குத் திரும்பினோம்.

அடக்கம் மறுநாள் மதியம். வேலை நாள். பதினொரு பேரில் நான்கு பேர் வந்தோம். மற்றவர்களுக்கு ரிலீஸ் இருந்தது, டெமோ இருந்தது, டேகேரில் குழந்தை இருந்தது. லூப்பே அம்மா கடையைச் சாத்திவிட்டுத் தன் இரண்டு மகன்களோடும் மகளோடும் வந்திருந்தார். அந்தப் பையன்கள் வரிசையில் நின்று, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, மூன்று மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். ஸ்ரீதர் கார் பக்கத்தில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பாய் வீட்டில் அதே ஸ்ரீதர் சோபாவில் உட்கார்ந்து, “பாய் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி அக்கா. எங்களுக்குள்ள ஒருநாளும் வித்தியாசமே கிடையாது” என்றார். நாக்கூசாமல் சொன்னார். பாத்திமா அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அவருக்கு டீ கொடுக்கச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுத பாத்திமா அக்காவின் அனுமதி வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை போய், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சல், மால், நான் போனது, எல்லாம். பாத்திமா அக்கா கடைசிவரை கேட்டார்.

“தெரியும்மா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்பல்லாம் புதன்கிழமை வீட்டுக்கு வந்து, ‘எல்லாரும் வந்திருந்தாக, நல்லா சாப்பிட்டோம்’னு சொல்லுவாக. சொல்லிட்டு ராத்திரி ரெண்டு தட்டு சோறு திம்பாக. மத்தியானம் சாப்பிட்ட மனுசனுக்கும் சாப்பிடாத மனுசனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? உங்களையெல்லாம் எங்கிட்ட விட்டுக்கொடுக்க அவுகளுக்கு மனசு வரல. அதான் நானும் கேக்கல.”

“அப்புறம் ஏன்க்கா ஸ்ரீதருக்கு டீ குடுத்தீங்க?”

“என் வீட்டுக்கு வந்தவருக்கு நான் டீ குடுத்தேன். அதுக்காக அவர் சொன்னதை நம்பிட்டேன்னு அர்த்தமா?” அக்காவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “நீ எழுதும்மா. மறைக்காத. ஸ்ரீதர் பேரைப் போட்டு எழுது, உன் பேரையும் போட்டு எழுது.”

போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மலரில் சேர்ப்பதும் சேர்க்காததும் சங்கத்தின் விருப்பம். சேர்க்காவிட்டால் நானே எல்லோருக்கும் அனுப்புவேன். அந்த மின்னஞ்சல் முகவரிகள் பதினொன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

ஜமால் பாய், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போகிற இடத்தில் எங்களுக்காகச் சிபாரிசு செய்துகொண்டிருக்காதீர்கள். நீங்கள் செய்வீர்கள், உங்கள் குணம் அது. நாங்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். அதனால் ஏழு வருஷமாக நாங்கள் யாருமே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், கேட்க நீங்கள் இல்லை.

போய் வாருங்கள், பாய்.