தம்பியின்ர மணல் தட்டு

என்ர தம்பிக்கு அப்ப எட்டு வயது. ரெண்டாம் வகுப்பிலேயே ரெண்டு வருசம் இருந்தவன். அடிச்சும் பாத்தம், கெஞ்சியும் பாத்தம், எழுத்து ஒண்டும் ஏறேல்லை. அவன் மொக்கன் இல்லை. துறைமுகத்துக்கு வந்து நிக்கிறது எந்தக் கப்பல் எண்டு தூரத்தில நிண்டே சொல்லுவான். வாசிக்கத்தான் ஏலாது.

அந்த வருசம் புதுசா வந்த ரீச்சர் ஒராள் அவனையும், அவனைப்போல நாலு பிள்ளையளையும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருந்த சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினா. கொப்பி இல்லை, பென்சில் இல்லை. ஆளுக்கொரு தகரத் தட்டு, அதில கடல்மணல். விரலால எழுதவேணும், எழுதேக்க வாயால சொல்லவும் வேணும்: "சுழிச்சு, வளைச்சு, குறுக்க போய், நேர இறங்கு." அதுதான் அ. பிழைச்சால் அடி இல்லை, தட்டை ஒருக்கால் குலுக்கிவிட்டால் சரி. தம்பி வீட்டுக்கு வந்து குசினிச் சாம்பலிலயும் அதைப் பாடிப் பாடி எழுதினான். ரெண்டு மாசத்தில 'அம்மா' எண்டு எழுதிக் காட்டினான். அம்மா அவனைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

அந்த நேரம் பாத்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தம்பலகாமத்தில வயல் காணி உள்ள ஆக்கள். சாதகமும் நல்ல பொருத்தம். உடன எங்கட பெரியம்மா வந்திருந்து தொடங்கினா: "பொடியன் மொக்கு வகுப்பில இருக்கிறான் எண்டு கேள்விப்பட்டால் அவையள் வருவினமே? நாளைக்கு இவளுக்குப் பிறக்கிறதும் அப்பிடித்தான் எண்டு நினையாயினமே?"

மொக்கு வகுப்பாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வராட்டில் போகட்டும், அவன் படிக்கட்டும்" எண்டு கத்தினன். "கலியாணப் பொம்பிளைக்கு இவ்வளவு வாய் கூடாது" எண்டு அப்பா என்னை அடக்கிப்போட்டார். அடுத்த கிழமை தம்பி பழையபடி ரெண்டாம் வகுப்பின்ர கடைசி வாங்கில குந்தியிருந்தான்.

ரீச்சர் வீடு தேடி வந்தவா. "இன்னும் கொஞ்ச மாசம் விடுங்கோ, வாசிச்சிடுவான்" எண்டு கெஞ்சினா. அம்மா தேத்தண்ணி குடுத்து, கதையை மாத்திப்போட்டா. போகேக்க ரீச்சர் சொன்னா, "இந்தக் கிழமை இன்னொரு பிள்ளையையும் மறிச்சுப்போட்டினம். ஏன் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை." ஆர் அந்தப் பிள்ளை எண்டு நாங்கள் கேக்கேல்லை.

கலியாணம் எங்கட வீட்டில. பந்தலுக்குக் கீழ வெள்ளைக் கடல்மணல் பரப்பியிருந்தது. தாலி கட்டி முடிஞ்சு சனம் சாப்பாட்டுக்கு எழும்பின நேரம், மூலையில ரெண்டு குரல் ஒண்டாக் கேட்டுது: "சுழிச்சு, வளைச்சு, குறுக்க போய், நேர இறங்கு." திரும்பிப் பாத்தால் தம்பி. பக்கத்தில பட்டுப் பாவாடையோட மாப்பிள்ளையின்ர கடைசித் தங்கச்சி. ரெண்டு பேரும் குந்தியிருந்து மணலில எழுதுகினம், சிரிப்பெண்டால் அப்பிடி ஒரு சிரிப்பு.

என்ர புது மாமியின்ர முகம் செத்துப்போச்சு. அம்மாவின்ர முகமும்தான். அந்தப் பிள்ளை எங்கட டவுணில சித்தி வீட்டில நிண்டு அதே அறையில படிச்சவளாம். எங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போட்டினமாம். பொம்பிளை பாக்க வரேக்கயும் அவளைக் கொண்டுவரேல்லை. அட கோதாரி! இவை அவைக்கு ஒளிச்சு, அவை இவைக்கு ஒளிச்சு, நடுவில ரெண்டு பிள்ளையளின்ர படிப்பு போச்சு.

மாலையும் கழுத்துமாப் போய் மாமியிட்டச் சொன்னன், "திங்கட்கிழமை ரெண்டு பேரையும் கொண்டுபோய் விடுவம் மாமி." "ஓம் பிள்ளை" எண்டு கண்ணைத் துடைச்சா.

போனனாங்கள். அறைக்குள்ள பால்மா மூட்டையள் அடுக்கியிருந்தது. மிஞ்சின மூண்டு பிள்ளைக்கு ஒரு ரீச்சர் எதுக்கு எண்டு அவாவைக் கந்தளாய்ப் பக்கம் மாத்திப்போட்டினமாம். பிறகு வந்த ஒருத்தருக்கும் அந்தப் பொறுமை இருக்கேல்லை.

தம்பி வளந்து துறைமுகத்தில மூட்டை தூக்கப் போனான். என்ர மகனுக்கு நாலு வயதாகேக்க வீட்டு முத்தத்து மணலில அவனை மடியில வைச்சு, விரலைப் பிடிச்சு, அதே பாட்டோட 'அம்மா' எழுதப் பழக்கினான். அதைப் பாக்க எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது.

"மாமா, இனி அப்பா எழுதுவம்" எண்டான் மகன்.

தம்பியின்ர விரல் மணலில 'அ' போட்டிட்டு, அங்கால போகத் தெரியாமல் நிண்டுது. பிறகு பிள்ளையை மெல்ல இறக்கி விட்டான்.

"அதை அம்மாட்டக் கேளடா, ராசா."